செத்த சொறியும் கொட்டும்

பழையாறு முதல் கோடியக்கரை வரை வலை இழுப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்: வலையில் சொறி, அதாவது பாடப்புத்தகம் சொல்லும் ஜெல்லி மீன், ஏறிவிட்டால் மீன் பிரிக்கும் கை எரியும். மணலில் செத்து ஒதுங்கிய சொறியை மிதித்தாலும் எரியும். உயிர் போன பிறகு எப்படிக் கொட்டுகிறது?

கொட்டுவது அதன் செல்கள். இந்தப் பிராணிக்கு மூளை கிடையாது. உடம்பில் 95 சதவீதம் தண்ணீர். தொங்கும் இழைகளில் கொட்டும் செல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன உறை, அதற்குள் சுருண்ட குழல். சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்து வைத்தது போல அது உள்வெளியாகத் திரும்பிக் கிடக்கும்.

உறைக்குள் பாலி காமா குளுட்டமேட் என்ற பொருள் செறிந்திருப்பதால் தண்ணீர் நெருக்கியடித்து உள்ளே புகுகிறது. அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போலச் சுமார் 150 மடங்கு! அதைத் தாங்குவது கொலாஜன் வகைப் புரதத்தால் ஆன சுவர். செல்லின் வெளியே நீண்டிருக்கும் நுண்மயிரில் ஏதாவது உரசினால் மூடி திறந்து, குழல் வெளிப்புறமாகப் புரண்டு பாய்ந்து, தோலைத் துளைத்து நஞ்சை இறக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த, நன்னீரில் வாழும் சின்ன உயிரான ஹைட்ராவில் அதிவேகக் கேமரா வைத்து அளந்து 2006இல் வெளியிட்டார்கள்: பாய்ச்சலுக்கு ஆகும் நேரம் 700 நானோ நொடி (ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு), முடுக்கம் புவியீர்ப்பைவிட 50 லட்சம் மடங்குக்கு மேல்.

நரம்புகள் இதைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஆனால் அவற்றின் உத்தரவு இல்லாமலே செல் வெடிக்கும். அதனால்தான் அறுந்த இழையும் கொட்டுகிறது. வெடித்த செல் அத்தோடு சரி. உயிருள்ள சொறியில் அந்த இடத்துக்குப் புதியது வளரும்.

கொட்டியதும் மணலைப் போட்டுத் தேய்ப்பார்கள், அப்புறம் அடிபம்புத் தண்ணீரில் கழுவுவார்கள். இரண்டுமே வேண்டாம். தேய்த்தாலும் நல்ல தண்ணீர் பட்டாலும் வெடிக்காத உறைகள் வெடிக்கக்கூடும். கடல் தண்ணீரை ஊற்றி, ஒட்டிய இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்தால் பெரும்பாலும் வலி தணியும். மூச்சு இரைத்தால் உடனே ஆஸ்பத்திரி.

பவளமும் இந்தக் குடும்பம்தான். மிதவை உயிர்களைப் பிடிக்க அதற்கும் இதே ஆயுதம். ஆனால் கொள்ளிடமும் காவிரியும் வண்டல் கொட்டும் கலங்கல் கடலில் பவளத் திட்டு எழும்பாது. பவளத்துக்குள் குடியிருந்து சோறு போடும் பாசிக்கு வெயில் வேண்டுமே. பவளம் பார்க்க ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் வரை போக வேண்டியதுதான்.