வட்டு இல்லாமல் எழும் கணினி பெயரை எங்கே தொலைக்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பல கணினிகளுக்கு ஒரே இமேஜை (வட்டின் முழு நகலை) ஏற்றுவதற்காக லினக்ஸ் சர்வர் ஒன்றை வைத்திருக்கிறேன். சர்வரில் அதன் பெயரைத் தட்டினால் சரியான ஐபி முகவரி வருகிறது. பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸை விசாரிக்கும் டிக் கட்டளையும் அதையேதான் சொல்கிறது. ஆனால் நெட்வொர்க் வழியாக பூட் ஆகும் கணினி, லினக்ஸின் மையநிரலான கெர்னல் ஏறும் வரை வந்துவிட்டு, அப்படியொரு பெயரே இல்லை என்று நின்றுவிடுகிறது. பெயருக்குப் பதில் ஐபி முகவரியைக் கொடுத்தால் ஓடுகிறது. டிஎன்எஸ் சரியாக இருக்கும்போது இது எப்படி நடக்கிறது?"

டிஎன்எஸ் சரியாக இருக்கிறது என்பதற்கு அவர் காட்டும் சான்று போதாது. ஏன் போதாது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நெட்வொர்க் பூட் நடக்கும் அந்தச் சில நிமிடங்களில் ஒரே கணினியை நான்கு வெவ்வேறு நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆள்கின்றன. தன் முகவரி என்ன, யாரிடம் பெயரைக் கேட்க வேண்டும் என்று ஒரு நிரல் தெரிந்துகொண்டதைப் பெரும்பாலும் அடுத்த நிரல் அறியாது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயமே இந்த மறதிதான்.

ஆரம்பப் படிகள் தெரிந்தவைதான், வேகமாகக் கடந்துவிடலாம். நெட்வொர்க் அட்டையின் ரோமிலோ (அழியாத நினைவகத்திலோ) கணினியோடு பதிந்தே வரும் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரிலோ இருக்கும் சிறு நிரல் முதலில் விழிக்கிறது. நெட்வொர்க் பூட்டுக்காக இன்டெல் 1999இல் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 விதிகளின்படி இது நடக்கிறது. முகவரி இல்லாத கணினி 0.0.0.0 என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, 255.255.255.255 என்ற எல்லோருக்குமான முகவரிக்கு, தனக்கொரு முகவரி கேட்கும் டிஎச்சிபி வேண்டுகோளை அனுப்புகிறது. சர்வரின் 67ஆம் போர்ட்டுக்கும் கணினியின் 68ஆம் போர்ட்டுக்கும் இடையே நான்கு செய்திகள் பரிமாறப்படுகின்றன. முடிவில் ஒரு முகவரி கிடைக்கிறது. எந்தச் சர்வரிடம் போக வேண்டும், எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிகிறது.

பெயர்ச் சிக்கல் முதலில் தலைகாட்டுவது இங்கேதான். டிஎச்சிபி செய்தியில் சர்வரைச் சொல்லும் 66ஆம் ஆப்ஷனில் பெயரை எழுதலாம் என்று விதி அனுமதிக்கிறது. ஆனால் பல ரோம் நிரல்களுக்குள் டிஎன்எஸ் கேட்கும் திறனே கிடையாது. அவற்றுக்குப் பெயர் என்பது பொருளற்ற எழுத்துகள். ஆகவே அந்த இடத்தில் எப்போதும் எண்களில்தான் முகவரி இருக்க வேண்டும். கோப்பின் பெயரிலும் கவனம் தேவை. கணினி தன் வகையை 93ஆம் ஆப்ஷனில் அறிவிக்கிறது: பழைய பயாஸ் என்றால் 0, 64 பிட் யுஇஎஃப்ஐ என்றால் பொதுவாக 7. பயாஸுக்கான கோப்பை யுஇஎஃப்ஐ கணினிக்குக் கொடுத்தால் அது இறங்கும், ஆனால் இயங்காது.

கோப்பை இறக்கும் டிஎஃப்டிபி மிகப் பழைய நெறிமுறை, 1981லேயே அதற்கு ஆவணம் உண்டு. 512 பைட் அனுப்பும், பெற்றதற்கான பதில் வரும் வரை காத்திருக்கும், பிறகு அடுத்த 512. வேண்டுகோள் 69ஆம் போர்ட்டுக்குப் போனாலும் பதில் வேறொரு போர்ட்டிலிருந்து வரும். நடுவில் இருக்கும் ஃபயர்வாலில் 69ஐ மட்டும் திறந்து வைத்தவர்கள் குழம்பிப்போவது இதனால்தான்: வேண்டுகோள் போய்ச் சேரும், கோப்பு வராது.

கோப்பு வந்துவிட்டது, அது ஐபிஎக்ஸ்இ என்ற, கூடுதல் திறனுள்ள பூட் நிரல் என்று வைத்துக்கொள்வோம். இனிதான் மறதி தொடங்குகிறது. ஐபிஎக்ஸ்இ எழுந்ததும், ரோம் நிரல் வாங்கிவைத்த முகவரியை அப்படியே நம்பி வேலை செய்வதில்லை. வழக்கமாக அது மறுபடியும் டிஎச்சிபி கேட்கும். அந்த இரண்டாவது வேண்டுகோளுக்கும் டிஎச்சிபி சர்வர் பழைய பதிலையே சொன்னால், ஐபிஎக்ஸ்இ இன்னொரு ஐபிஎக்ஸ்இயை இறக்கும், அது இன்னொன்றை இறக்கும். இந்தச் சுழலை உடைக்கத்தான் ஐபிஎக்ஸ்இ தன் வேண்டுகோளில் தன் பெயரைச் சேர்த்து அனுப்புகிறது. அதைப் பார்த்து வேறு கோப்பைச் சொல்லும்படி டிஎச்சிபி சர்வரை அமைக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான ஒரு கோளாறு உண்டு. ஐபிஎக்ஸ்இ தன் சொந்த டிரைவரோடு நெட்வொர்க் அட்டையைக் கையில் எடுக்கும்போது இணைப்பு ஒரு கணம் அறுந்து மீண்டும் வரலாம். மனிதக் கண்ணுக்கு அது தெரியாது, ஸ்விட்சுக்குத் தெரியும். புதிதாக ஒரு கேபிள் செருகப்பட்டதாகவே ஸ்விட்ச் அதை எடுத்துக்கொள்ளும். ஸ்பானிங் ட்ரீ இயங்கும் ஸ்விட்ச், தன் வலையில் வளையம் எதுவும் உருவாகவில்லை என்று உறுதியாகும் வரை அந்தப் போர்ட்டில் போக்குவரத்தை விடாது. பழைய முறையில் கவனிப்பதற்கு 15 விநாடி, கற்பதற்கு 15 விநாடி, ஆக 30 விநாடி. பிஎக்ஸ்இ விதிப்படி ரோம் நிரல் 4, 8, 16, 32 விநாடி என்று நான்கு முறை காத்திருப்பதால் தப்பித்துவிடுகிறது. அவ்வளவு பொறுமை இல்லாத அடுத்த நிரல் மாட்டிக்கொள்கிறது. முதல் முறை முகவரி கிடைத்த அதே கேபிளில், அதே கணினிக்கு, சில விநாடிகள் கழித்து டிஎச்சிபி பதில் இல்லை என்று வருவது இதனால்தான். கணினிக்கும் பெரிய ஸ்விட்சுக்கும் நடுவில் ஸ்பானிங் ட்ரீ தெரியாத ஒரு சின்ன ஸ்விட்சை வைத்துப் பாருங்கள். கோளாறு மறைந்தால் காரணம் இதுவே. பெரிய ஸ்விட்சில் அந்தப் போர்ட்டுக்கு, காத்திருக்காமல் உடனே திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைக் கொடுத்தால் தீர்ந்தது.

அடுத்து கெர்னல். ஐபிஎக்ஸ்இக்குள் டிஎன்எஸ் கேட்கும் திறன் இருக்கிறது, அது பெயரைக் கண்டுபிடித்துக் கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (கெர்னல் எழுந்ததும் நினைவகத்தில் விரிக்கும் சிறு கோப்புத் தொகுப்பையும்) இறக்கியிருக்கலாம். கெர்னல் எழுந்த நொடியில் அதெல்லாம் போய்விடும். கெர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் கேட்டிருந்தால் கெர்னல் தானே மூன்றாவது முறையாக டிஎச்சிபி கேட்கும். அப்போது கிடைக்கும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை அது /ப்ராக்/நெட்/பிஎன்பி என்ற இடத்தில், டிஎன்எஸ் சர்வர்களின் முகவரிகளைச் சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பின் வடிவத்திலேயே, ஒழுங்காக எழுதி வைக்கிறது. ஆனால் பெயரைத் தேடும் சி நூலகம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது /ஈடிசி/ரிசால்வ்.கான்ஃப் ஒன்றைத்தான். இரண்டுக்கும் இடையே பாலம் போட வேண்டியது இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருக்கும் ஸ்கிரிப்ட்டின் பொறுப்பு. சிலர் எழுதியிருப்பார்கள், சிலர் எழுதியிருக்க மாட்டார்கள். கோப்பே இல்லையென்றால் ஜிலிப்சி என்ற சி நூலகம் கைவிடுவதில்லை, 127.0.0.1 என்ற தன் சொந்த முகவரியிடம் கேட்கிறது. சர்வரின் பெயரை, அதை அறியாத கணினி, தன்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறது! யாரிடம் கேட்க வேண்டும் என்பது அடுத்த அறையில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

இதற்கு அடியிலும் ஓர் அடுக்கு உண்டு. இடம் மிச்சப்படுத்த பல சிறு கட்டளைகளை அடக்கிய பிஸிபாக்ஸ் போன்ற கருவிகளை ஸ்டாட்டிக் முறையில், நூலகங்களையும் உள்ளே சேர்த்து, ஒரே கோப்பாகக் கட்டுவார்கள். பழைய ஜிலிப்சியோடு அப்படிக் கட்டினாலும், பெயர் தேடும் பகுதி மட்டும் இயங்கும் நேரத்தில் தனி நூலகக் கோப்பு ஒன்றைத் தேடும். இனிட்ராம்எஃப்எஸ்ஸில் அந்தக் கோப்பைச் சேர்க்க மறந்திருந்தால், ரிசால்வ்.கான்ஃப் எழுத்துப் பிசகாமல் இருந்தும் ஒரு பெயரும் வேலை செய்யாது, ஐபி முகவரி மட்டும் வேலை செய்யும்.

இப்போது சர்வர் பக்கம் வருவோம். லினக்ஸில் ஒரு பெயருக்கு முகவரி தேடும் வரிசையை என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பு தீர்மானிக்கிறது. பொதுவாக முதலில் அந்தக் கணினியிலேயே இருக்கும் பெயர்ப் பட்டியலான /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பு, பிறகுதான் டிஎன்எஸ். டிக் கட்டளை இந்த வரிசையைக் கண்டுகொள்ளாமல் நேராக டிஎன்எஸ்ஸிடம் போகும், அதனால் அது சொல்வதை நம்பலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். சிஸ்டம்டி ரிசால்வ்டு என்ற பெயர் தேடும் சேவை இயங்கும் சர்வரில் அந்த நம்பிக்கை பலிக்காது. அங்கே ரிசால்வ்.கான்ஃப் காட்டுவது வழக்கமாக 127.0.0.53 என்ற உள்முகவரியை. அங்கே உட்கார்ந்திருக்கும் ரிசால்வ்டு, இயல்பான அமைப்பில் /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பையும் படித்துப் பதில் சொல்லும். அதாவது சர்வருக்கு மட்டுமே தெரிந்த ஒரு பெயரை, உலகத்துக்கே தெரிந்ததுபோல் டிக் காட்டிவிடும். வாசகரின் சான்று போதாது என்றேனே, காரணம் இதுதான். டிஎச்சிபி மற்ற கணினிகளுக்கு எந்த டிஎன்எஸ் முகவரியைக் கொடுக்கிறதோ, அந்த முகவரியை டிக் கட்டளையில் வெளிப்படையாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அப்போது வரும் பதிலே மற்ற கணினிகளுக்கும் வரும் பதில்.

டெபியன், உபுண்டு குடும்பத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. நிறுவும்போது சர்வரின் சொந்தப் பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்ற உள்முகவரியோடு எழுதிவிடுவார்கள். இமேஜிங் மென்பொருள் "என் முகவரி என்ன" என்று தன் பெயரை வைத்துத் தேடி, கிடைத்த 127.0.1.1ஐ அப்படியே பூட் அமைப்பில் எழுதினால், ஒவ்வொரு கணினியும் இமேஜைத் தன்னிடமே தேடும். சர்வரின் பெயரை .லோக்கல் என்று முடிப்பதும் வம்பு. அந்தப் பின்னொட்டு, அக்கம்பக்கக் கணினிகளிடமே நேராகப் பெயரைக் கேட்கும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்காக 2013இல் ஒதுக்கப்பட்டது. பல லினக்ஸ் அமைப்புகளில் அங்கே விடை இல்லையென்றால் தேடல் அதோடு நின்றுவிடும், சாதாரண டிஎன்எஸ் வரை போகவே போகாது. டிஎன்எஸ், டிஎச்சிபி, டிஎஃப்டிபி மூன்றையும் தரும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலை பூட்டுக்காக மட்டும் நிறுவியவர்கள், 53ஆம் போர்ட்டை ரிசால்வ்டு ஏற்கெனவே பிடித்திருப்பதால் அது எழ மறுப்பதைப் பார்த்திருப்பார்கள். அதன் அமைப்பில் டிஎன்எஸ் போர்ட்டை 0 என்று வைத்தால் அந்தப் பகுதி அணைந்துவிடும், டிஎச்சிபியும் டிஎஃப்டிபியும் ஓடும்.

இங்கே என் கருத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூட் கோளாறுகளைச் சுற்றி ஒரு மூடநம்பிக்கை வளர்ந்திருக்கிறது: சர்வரை மறுபடி இயக்கு, கேபிளை மாற்று, யாரோ எழுதிய அமைப்பை ஒட்டு, அதுவும் பலிக்காவிட்டால் டிஎன்எஸ்ஸைத் திட்டு. காரணம் தெரியாமல் செய்த காரியம் பலித்துவிட்டால் அது சடங்காகிவிடுகிறது. இந்த நெறிமுறைகளில் ரகசியம் எதுவும் இல்லை என்பதால்தான் எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தபோது அது பொதுப் பணத்தில் நடந்த பல்கலைக்கழக ஆய்வு. டிஎச்சிபியின் முன்னோடியான பூட்பியை பில் கிராஃப்ட்டும் ஜான் கில்மோரும் 1985இல் ஆவணமாக்கினார்கள். ஒவ்வொரு பைட்டும் எங்கே இருக்க வேண்டும் என்று அந்த ஆவணங்கள் சொல்கின்றன, எவரும் இலவசமாகப் படிக்கலாம். உடனடி விற்பனைப் பொருள் இல்லாத ஆய்வுக்கு ஏன் அரசு பணம் தர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. பூட் வரிசையில் நாம் ஊகித்துத் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை ஃபர்ம்வேர் மூடிவைக்கப்பட்ட இடங்கள்தாம்.

சடங்குக்கு மாற்று, நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப். சர்வரில் அதை ஓடவிட்டு, 67, 68, 69, 4011 (பிஎக்ஸ்இக்கானது), 53 ஆகிய போர்ட்டுகளை மட்டும் வடிகட்டி, ஒரு கணினியை பூட் செய்து பாருங்கள். டிஎன்எஸ் சர்வர் தனியாக இருந்தால் 53ஐ அங்கே கவனிக்க வேண்டும். டிஎச்சிபி வேண்டுகோள்கள் எத்தனை என்று எண்ணினாலே எத்தனையாவது நிரல் வரை வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். பெயர் தோற்கும் கணத்தில் 53ஆம் போர்ட்டுக்கு ஒரு பாக்கெட்டும் வரவில்லையென்றால், கணினி யாரிடம் கேட்பது என்றே அறியவில்லை, ரிசால்வ்.கான்ஃப், விடுபட்ட நூலகம் இவற்றைப் பாருங்கள். கேள்வி வந்து பதில் போகவில்லையென்றால் ஃபயர்வாலையோ டிஎன்எஸ் நிரலையோ பார்க்க வேண்டும். பெயர் இல்லை என்ற பதில் போனால், பதிவே அங்கே இல்லை, சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் சிறிது நேரம் அதே பதில் வந்தால் கலங்க வேண்டாம். இல்லை என்ற விடையையும் ரிசால்வர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும், எவ்வளவு நேரம் என்பதை அந்த டொமைனின் தலைப் பதிவான எஸ்ஓஏ சொல்லும். அந்த நினைவைக் காலி செய்துவிட்டு மறுபடி பூட் செய்யுங்கள்.