பயோடைவர்சிட்டி – உயிர்ப்பன்மை

கிரேக்கத்தில் 'பயோஸ்' என்றால் உயிர், வாழ்வு. லத்தீன் 'டைவர்சிட்டாஸ்' என்பது வேறுபட்டிருக்கும் தன்மை. இரண்டும் ஒட்டிய இந்தச் சொல் வயதில் இளையது. 1986இல் வாஷிங்டனில் நடந்த கருத்தரங்குக்காக 'பயலாஜிக்கல் டைவர்சிட்டி'யைச் சுருக்கி வால்டர் ரோசன் ஆக்கியது. 1992இல் ரியோ மாநாட்டில் கையெழுத்துக்கு வந்த ஐ.நா. உடன்படிக்கை அதன் பொருளை வரையறுத்தது: ஓர் இனத்துக்குள் உள்ள வேறுபாடு, இனங்களுக்கிடையே உள்ள வேறுபாடு, வாழ்சூழல்களின் வேறுபாடு. மூன்றிலும் எண்ணிக்கை பற்றிப் பேச்சே இல்லை.

தமிழில் பரவலாகிவிட்ட 'பல்லுயிர்ப் பெருக்கம்' சறுக்குவது இங்கேதான். கொசுப் பெருக்கம், மக்கள்தொகைப் பெருக்கம் என்கிறோமே, அந்தப் பெருக்கம் இது. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களையே சரிவு சரிவாக நட்டிருந்தார்கள். மரம் பெருகியது, வகை பெருகவில்லை. 2018 வறட்சியில் நீரின்றி, வண்டைத் தடுக்கும் பிசினைச் சுரக்க முடியாமல் போன மரங்களுக்குள் பட்டைவண்டு புகுந்தது. அடுத்த மரமும் அதே தீனி என்பதால் வண்டுக்குத் தடையே இல்லை. சரிவுகள் மொத்தமாகப் பட்டுப்போயின.

உயிர்ப்பன்மையை ஒரு நாடு தனியே காக்க முடியாது. வலசைப் பறவைக்கு எல்லைக்கோடு தெரியாது. ஒரு நாடு காப்பதை அடுத்த நாடு சுட்டுத் தள்ளினால் பயனில்லை. அதனால்தான் ஐரோப்பா பொதுச் சட்டத்துக்குப் போனது: 1979இல் பறவைகள் நெறியுரை (உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் சேர்த்தாக வேண்டிய ஆணை), 1992இல் வாழிடங்கள் நெறியுரை. இவற்றின்படி அமைந்த 'நேச்சுரா 2000' காப்பிடங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலப்பரப்பில் சுமார் 18 விழுக்காடு.

வேலி போட்டால் போதும் என்று நினைப்பதும் பிழை. இங்கிலாந்தின் பெரிய நீல வண்ணத்துப்பூச்சியின் புழு, காட்டுத் தைம் என்னும் சிறு செடியின் பூவைத் தின்று வளர்ந்து, பின்பு ஒருவகைச் சிவப்பெறும்பின் புற்றுக்குள் போய் எறும்புக் குஞ்சுகளைத் தின்னும். அந்த எறும்புக்கோ வெயில் படும் சூடான மண் வேண்டும். புல் சில சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பூச்சி சேகரிப்போரைத் தடுக்கப் போட்ட வேலி ஆடுமாட்டையும் தடுத்தது. முயல்களோ 1950களில் நோயில் மடிந்திருந்தன. புல் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு போனது. பறவைச் சட்டம் வந்த அதே 1979இல் வண்ணத்துப்பூச்சியும் அங்கே அற்றுப்போனது. பிற்பாடு மேய்ச்சலை மீட்டு, ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகே திரும்பியது. மேய்ப்பருக்கு அரசு மானியம் கொடுப்பதும் இயற்கைக் கொள்கைதான் என்பது இதனால்தான்.

'உயிர்ப்பன்மை' என்பதே பொருந்தும். இலங்கையில் வழங்கும் 'உயிர்ப்பல்வகைமை'யும் சரியே, சற்று நீளம். 'பல்லுயிர்ப் பெருக்க இழப்பு' என்று எழுதிப் பாருங்கள், பெருக்கமும் இழப்பும் முட்டிக்கொள்ளும். 'உயிர்ப்பன்மை இழப்பு', 'உயிர்ப்பன்மைக் காப்பு' என்பவை இடறாமல் வரும்.