பிளானை ஏற்றுவதற்கு முன் பிங்கைப் பாருங்கள்

கோலாலம்பூரில் வீடு வீடாக நெட்வொர்க் வேலைக்குப் போகிற எனக்கு வாட்ஸ்அப்பில் அதிகம் வரும் கேள்வி இதுதான்: "பையன் கேம் விளையாடுறப்போ ஒரே லேக்காம். பிளானை ஏத்திடலாமா?" பெரும்பாலான வீடுகளுக்கு என் பதில், வேண்டாம். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு) லைனில் திணறுகிற கேம், 500-க்கு மாற்றினாலும் ராத்திரி எட்டு மணிக்கு அதே மாதிரிதான் திணறும். மாதக் கட்டணம் மட்டும் கூடியிருக்கும்.

கேமுக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை. வேலோரண்ட் ஆகட்டும், மொபைல் லெஜெண்ட்ஸ் ஆகட்டும், ஆட்டம் நடக்கும்போது ஓரிரு எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் எடுப்பதில்லை. அப்டேட் இறங்குவது வேறு கதை. கேமுக்கு வேண்டியது நேரம். சின்னச் சின்னத் தகவல் பொட்டலங்கள் சர்வருக்குப் போய்த் தாமதமில்லாமல் திரும்ப வேண்டும். அந்தப் போக்குவரத்து நேரத்தைத்தான் பிங் காட்டுகிறது. வேலோரண்ட் சர்வர் ஒரு நொடிக்கு 128 தடவை ஆட்டத்தைக் கணக்குப் பார்க்கிறது. அதாவது 8 மில்லிசெகண்டுக்குள் ஒரு கணக்கு. உங்கள் பொட்டலம் 160 மில்லிசெகண்ட் பிந்தினால் இருபது கணக்கு முடிந்துவிட்டது. சுட்டவன் நீங்கள்தான், செத்தவனும் நீங்கள்தான்.

சரி, எங்கே பிந்துகிறது?

செந்தூலில் ஒரு டெரஸ் வீடு. மகன் போன் வாங்கிய நாளிலிருந்து கேம்தான். "தங்கச்சி டிவியில கொரியன் டிராமா பாக்குறா அண்ணே, அதான் லேக்" என்றான். அந்தப் பிள்ளை அதற்காக ஏற்கெனவே திட்டு வாங்கியிருக்கிறது. லேப்டாப்பைக் கேபிளில் மாட்டிப் பிங் ஓடவிட்டேன். டிவி அணைந்திருந்தபோது 9 மில்லிசெகண்ட். டிராமா ஓடியபோது 11, 12. தங்கச்சி நிரபராதி. நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கே 15 எம்பிபிஎஸ்தான் போதும் என்கிறது. 100 லைனில் அது ஒரு ஓரம். கொஞ்ச நேரத்தில் அம்மா வெளியிலிருந்து வந்து கைப்பையை மேசையில் வைத்தார். பிங் 9-லிருந்து 240-க்கு ஏறி அங்கேயே நின்றது. "அக்கா, போன்ல என்ன ஓடுது?" என்றேன். "ஒண்ணும் ஓடலையே தம்பி, பேக்குக்குள்ளதான இருக்கு." உள்ளே, முதல் நாள் நிச்சயதார்த்தத்தில் எடுத்த வீடியோ அத்தனையும் வைஃபை கிடைத்த சந்தோஷத்தில் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

லேக்குக்கு முக்கியக் காரணம் இந்த அப்லோட்தான். ஆனால் யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. விளம்பரத்தில் பெரிதாக இருப்பது டவுன்லோட் வேகம். அப்லோட் பல பிளான்களில் அதில் பாதி, சிலவற்றில் அதற்கும் குறைவு. போன் படங்களின் பேக்கப், வாசலில் மாட்டிய கிளவுட் சிசிடிவி, டிக்டாக் லைவ், குடும்பக் குரூப்பில் தள்ளிவிடும் வீடியோ எல்லாம் அந்தச் சின்ன வழியில்தான் வெளியே போகின்றன. வழி நிறைந்ததும் மோடம் மிச்சத்தைத் தன் நினைவகத்தில் வரிசையாக அடுக்கி வைக்கிறது. கேமின் குட்டிப் பொட்டலமும் அந்த வரிசையின் கடைசியில்தான் போய் நிற்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வரிசையில் 1 மெகாபைட் சேர்ந்தால் அது 8 மெகாபிட். 50 எம்பிபிஎஸ் அப்லோட்டில் அது கரைய 160 மில்லிசெகண்ட். 10 எம்பிபிஎஸ்ஸில் 800.

இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். ஃபெடரல் ஹைவேயில் ஆபீஸ் விடுகிற நேரத்தில் கார்கள் அசையாமல் நின்றாலும், மோட்டார்சைக்கிள் பாதையில் பையன்கள் போய்க்கொண்டே இருப்பார்கள் அல்லவா? கேமுக்குத் தேவை அந்தத் தனிப்பாதை. பிளானை ஏற்றுவது ஹைவேயில் கார்களுக்கு இன்னொரு லேன் போடுகிற வேலை.

உங்கள் வீட்டில் பிரச்சினை இதுதானா என்று நீங்களே சோதிக்கலாம். ஊக்லா ஸ்பீட்டெஸ்ட் செயலியில் பிங் எண்ணுக்குப் பக்கத்திலேயே டவுன்லோடின்போதும் அப்லோடின்போதும் உள்ள பிங் தனித்தனியாக வரும். சும்மா இருக்கும்போது 10, அப்லோடில் 200 என்றால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. இன்னும் துல்லியமாகப் பார்க்க, கம்ப்யூட்டரில் இரண்டு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஒன்றில் ரவுட்டர் முகவரிக்கும் மற்றதில் கூகுளின் 8.8.8.8-க்கும் தொடர்ந்து பிங் அடிக்க விடுங்கள். ரவுட்டருக்கான பிங்கே 2, 3, 90, 4, 130 என்று குதித்தால் லைனைத் திட்டாதீர்கள், கோளாறு வைஃபையில். ரவுட்டர் பிங் சீராக இருந்து வெளிப் பிங் மட்டும் ஏறினால் வரிசை லைனில் இருக்கிறது.

வைஃபை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தீர்வு சலிப்பூட்டும் அளவுக்குச் சுலபம்: லேன் கேபிள் இழுங்கள். கேட் 5ஈ போதும். 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். ஹாலிலிருந்து மாடிக்கு டிரங்கிங் (கேபிளை மூடும் பிளாஸ்டிக் குழாய்) அடித்துக் கொண்டுபோவது ஒரு மதிய வேலை. கேபிளே முடியாது, போனில்தான் ஆட்டம் என்றால் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறி, ரவுட்டர் இருக்கும் அறையில் உட்காருங்கள். கொண்டோவில் அக்கம்பக்கம், மேல்மாடி, கீழ்மாடி வைஃபை எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் குவிந்திருக்கும். அங்கே ஒன்றோடொன்று இடிக்காத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான். ரவுட்டரை மீன் தொட்டிக்குப் பின்னால் மறைத்து வைக்கும் வழக்கத்தையும் விடுங்கள். தண்ணீர் அந்த அலையை உறிஞ்சும். அழகாக இல்லை என்று ஒளித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

லைனில் சேரும் வரிசைக்கு வருவோம். காசில்லாத வழி, பேக்கப் செயலிகளுக்கு வேளை பார்ப்பது. கேம் நேரத்தில் நிறுத்திவைத்து, தூங்கப் போகும்போது ஓடவிடலாம். சிசிடிவியை எப்போதும் ஏற்றாமல், அசைவு தெரிந்தால் மட்டும் ஏற்றும்படி மாற்றலாம். விண்டோஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற அமைப்பு உங்கள் அப்டேட்டை ஊராருக்கும் பகிர்ந்துகொண்டிருக்கக்கூடும், போய் அணைத்துவிடுங்கள். ஆனால் தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வந்து பத்துப் பன்னிரண்டு போன் வைஃபையில் ஏறினால் இந்த ஒழுங்கெல்லாம் நிற்காது. அப்போது ரவுட்டர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல ரவுட்டர்களில் க்யூஓஎஸ் என்று, யாருக்கு முன்னுரிமை என்று அமைக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் மகனின் கம்ப்யூட்டருக்கு முன்னுரிமை என்று டிக் போட்டுவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்பார்கள். மாறாது. வரிசை சேர்வது ரவுட்டரில் இல்லை, சுவரில் தொங்கும் ஃபைபர் பெட்டியில், அதாவது மோடத்தில். ரவுட்டர் தன்னிடம் வந்ததை அப்படியே அங்கே தள்ளிவிடுவதால் அதன் கையில் வரிசைப்படுத்த எதுவும் மிஞ்சுவதில்லை. ரவுட்டரின் வெளியேறும் வேகத்தை லைனின் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். அப்லோட் 50 வருகிறதென்றால் 45. வரிசை ரவுட்டருக்குள் வந்துவிடும், யாரை முன்னால் விடுவது என்று அது தீர்மானிக்கலாம். கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடல் என்ற வரிசை நிர்வாக முறையும், அதன்மேல் எழுந்து 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்த எஃப்க்யூ-கோடலும் இந்த வேலைக்கென்றே பிறந்தவை. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்ற பெயரிலும், மைக்ரோடிக் நிறுவன ரவுட்டர்களில் அவற்றின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7 முதலும் இவை கிடைக்கும். அந்தப் பத்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுக்க மனம் வராதவர்கள்தான் அதிகம். "காசு குடுத்து வாங்கின ஸ்பீடை ஏன் குறைக்கணும்?" என்பார்கள். ஒரு மாலை ஓடவிட்டுப் பார்த்தபின் கேட்பதில்லை.

ஒரு எச்சரிக்கை: விலை மலிந்த ரவுட்டரின் சிப்பால் 500 எம்பிபிஎஸ்ஸை இப்படிச் சலிக்க முடியாது, மூச்சு வாங்கும். அங்கே அப்லோட்டை மட்டும் கட்டுப்படுத்தினாலே முக்கால்வாசித் தொல்லை தீரும். புது ரவுட்டர் வாங்கி மாட்டுகிற டிஎம்மின் யூனிஃபை இணையச் சேவை வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள், இணையத்துக்கான விலான் எண் (ஒரே லைனில் போக்குவரத்தைப் பிரிக்கும் எண்) 500 என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அது போடாவிட்டால் லைனே வராது.

ஆன்டெனா எட்டு முளைத்து, சிவப்பு விளக்கு எரியும் "கேமிங் ரவுட்டர்" பற்றிக் கேட்பவர்களுக்கு: பெட்டியில் எஸ்க்யூஎம் அல்லது கேக் (இதே வேலையைச் செய்யும் இன்னொரு முறை) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், விளக்கைப் பார்க்காதீர்கள். பிங் குறைக்கும் என்று மாதச் சந்தா கேட்கும் செயலிகள், உங்கள் லைன் சுற்றுவழியில் போகிறது என்றால் மட்டும் உதவும். வீட்டுக்குள்ளிருக்கும் வரிசையை அவை தொடக்கூட முடியாது.

வீட்டில் எல்லாம் சரியாகியும் பிங் உயரமாக இருந்தால் சர்வர் எங்கே என்று பாருங்கள். ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். டோட்டா 2, வேலோரண்ட் இரண்டுக்கும் சிங்கப்பூரில் சர்வர் உண்டு. நமக்கு முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், அதனால் பிங் பத்தை ஒட்டி வருவது இயல்பு. தோக்கியோ 5,300 கிலோமீட்டர். போய்வர 53 மில்லிசெகண்ட் இயற்கையே வாங்கிக்கொள்ளும். எந்த ரவுட்டரும் அதைக் குறைக்காது.

இன்னொன்று, வீட்டில் யாருமே இணையம் பயன்படுத்தாத நேரத்திலும் இரவு ஒன்பது மணிக்குப் பிங் ஏறி, விடியற்காலையில் இறங்கினால் நெரிசல் சேவை நிறுவனத்தின் பக்கம். கேபிளில் மாட்டி, வைஃபையை அணைத்துவிட்டு, தேதியும் நேரமும் தெரியும்படி பிங் முடிவுகளைச் சில நாள் சேமியுங்கள். புகார் எண் வாங்குங்கள். அவர்கள் அசையவில்லை என்றால் அந்த எண்ணோடு தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் எம்சிஎம்சி ஆணையத்தின் புகார்த் தளத்துக்குப் போகலாம். வைஃபையில் எடுத்த அளவை மட்டும் அனுப்பாதீர்கள். "உங்க வீட்டு வைஃபைதான் பிரச்சினை" என்று அன்றைக்கே புகாரை மூடிவிடுவார்கள்.