‘எக்ஸாஜரேட்’ என்ற வினைச்சொல்லும் ஒரு மருத்துவ அறிக்கையும்

“இவர் நடிக்கிறாரெண்டா டொக்டர் எழுதியிருக்கிறார், சேர்?” என்று கேட்டபடி, வெள்ளவத்தையிலிருந்து வந்த ஓர் அம்மா, காப்புறுதிக் கோரிக்கைக்காகப் பெற்ற தம் கணவரின் மருத்துவ அறிக்கையைப் புதுக்கடையிலுள்ள என் மொழிபெயர்ப்பு மேசையில் வைத்தார். கைத்தொலைபேசிச் செயலி தந்த தமிழை அவர் ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தார்: ‘முழங்கால் தெறிவினை மிகைப்படுத்திக் கூறப்பட்டுள்ளது.’ ஆங்கில மூலத்தில் இருந்த சொல் ‘எக்ஸாஜரேட்டட்’.

மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டும்போது கால் தானாகத் துள்ளுவதே முழங்கால் தெறிவினை. அது வழக்கத்தைவிட வேகமாக இருப்பதையே அச்சொல் அங்கே குறிக்கிறது. மூளையிலோ முண்ணாணிலோ நரம்புப் பாதை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி ஆதலால், அந்த அம்மா எந்த வரியைக் கண்டு பயந்தாரோ அந்த வரியே அவருடைய கணவரின் பக்கம் பேசியது.

குவித்த மண்மேட்டையும், உரோமப் படைகள் எழுப்பிய மண் அரணையும் குறித்த ‘அகர்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த இவ்வினை, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது குவித்தல் என்ற பொருளையும் உடன் கொண்டுவந்தது. பேச்சில் அளவைக் கூட்டுதல் என்ற பொருளே இன்று முன்னிற்கிறது. எனவே, கூட்டப்பட்டது ஒருவரின் கூற்றா, உடலின் செயலா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கூற்றாயின் ‘மிகைப்படுத்தினார்’ என்பது சரி. உடலின் செயலாயின் ‘இயல்பைவிட மிகுந்துள்ளது’ என்றே எழுத வேண்டும்.

கூற்றாக இருக்கும்போதும் இதைப் பொய்யோடு சேர்த்துவிடக் கூடாது. இரண்டு இலட்சம் ரூபாய் சேதத்தை ஐந்து இலட்சம் என்பவர் எக்ஸாஜரேட் செய்கிறார். நடக்காத விபத்தை நடந்தது என்பவர் பொய் சொல்கிறார். சத்தியக்கடதாசியின் மொழிபெயர்ப்பில் முன்னதற்குப் ‘பொய்யுரைத்தார்’ என்று போட்டுவிட்டால், எழுதியவர் சுமத்தாத ஒரு குற்றத்தை மொழிபெயர்ப்பாளர் சுமத்தியவராவார். ‘ஊதிப் பெருப்பித்தல்’ என்ற நம் வழக்கு பொருளால் மிக நெருங்கியதுதான், ஆனால் அதில் ஒரு நையாண்டி ஒட்டிக்கொண்டிருப்பதால் நீதிமன்றப் பத்திரத்தில் நான் அதைத் தொடுவதில்லை.

ஒரு விடயத்தின் முக்கியத்துவம் ‘கெனொட் பி எக்ஸாஜரேட்டட்’ என்று வந்தால், ‘மிகைப்படுத்த முடியாது’ என்று சொல்லுக்குச் சொல் வைப்பவர்கள், ‘எவ்வளவு சொன்னாலும் மிகையாகாது’ என்ற நம் தொடர் கைவசம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். (‘ஓவர் எக்ஸாஜரேட்’ என்பது அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழுகிறது, மிகைக்கே ஒரு மிகை.)

அறிக்கையில் ‘முழங்கால் தெறிவினை இயல்பைவிட மிகுந்துள்ளது’ என்று எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தேன். செயலியைப் பார்த்து எழுதிய தாளையும் சேர்த்து அனுப்பவா என்று அந்த அம்மா கேட்டார். அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.