பாலிண்ட்ரோம் = மாலைமாற்று, முடிவே இல்லாத வரிசையிலயும்

விகடகவி, தேரு வருதே, மோரு போருமோ எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். முன்னாடியிருந்து படிச்சாலும் பின்னாடியிருந்து படிச்சாலும் ஒண்ணாவே வர்ற இதுக்கு பாலிண்ட்ரோம்னு பேரு, அது கிரேக்கத்துல இருந்து வந்தது, 'பாலின்'னா திரும்பவும், 'ட்ரோமோஸ்'னா ஓட்டம். தமிழ்ல 'இருவழிச்சொல்'னும் எழுதறாங்க, தப்பில்ல, ஆனா பழைய பேரு மாலைமாற்று. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் இத சித்திரகவியில, அதாவது எழுத்துகள வச்சு வித்தை காட்டற கவிதையில, ஒரு வகையா சொல்லுது, அதுக்கும் ரொம்ப முன்னாடி 7ஆம் நூற்றாண்டுலயே சம்பந்தர் சீர்காழிக்கு ஒரு முழுப் பதிகம் இப்படிப் பாடியிருக்காரு, "யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா"ன்னு வர்ற முதல் வரிய கடைசியில இருந்து படிச்சீங்கன்னா அப்படியே ரெண்டாவது வரி. இங்க 'யா'ங்கிறது ஒரே எழுத்து, யூனிகோட் ஸ்ட்ரிங்க சும்மா ரிவர்ஸ் பண்ணா கால் தனியா கழண்டு முன்னாடி போயிடும், ப்ரோக்ராம் எழுதறவங்க கவனிங்க.

கணக்குல 'சொல்'னா அர்த்தம் வேணும்னு இல்ல, எழுத்து வரிசையா இருந்தா போதும், அது முடியாமலேயும் போகலாம். நம்ம சென்னையில இந்த மாதிரி எழுத்துத் தொடர் ஆராய்ச்சிக்கு வித்திட்டவங்கன்னா தாம்பரம் கிறிஸ்டியன் காலேஜ் ராணி சிரோமணி மேடம்தான்.

ஒரு முடிவில்லாத சொல்ல செஞ்சு பாப்போம். அ வந்தா அஇ-ன்னு மாத்துங்க, இ வந்தா அ-ன்னு மாத்துங்க, அ-வுல ஆரம்பிச்சு திரும்பத் திரும்ப மாத்திட்டே போனா அஇ, அஇஅ, அஇஅஅஇ, அஇஅஅஇஅஇஅ-ன்னு வளரும், நீளம் 2, 3, 5, 8. இதான் ஃபிபனாச்சி சொல். இதுக்குள்ள 2 எழுத்து மாலைமாற்று அஅ மட்டும்தான், இஇ வரவே வராது, 3 எழுத்துல அஇஅ, இஅஇ, 4 எழுத்துல இஅஅஇ ஒண்ணே ஒண்ணு. எவ்ளோ தூரம் போனாலும் இதே கதைதான், இரட்டைப்படை நீளத்துக்கு ஒண்ணு, ஒற்றைப்படைக்கு ரெண்டு. இந்தக் கணக்கு இருந்தாலே அது ஸ்டர்மியன் வகைச் சொல்தான்னு (ஒரே அச்சா திரும்பத் திரும்ப வராத வரிசைகள்லயே துண்டு வகைகள் ரொம்பக் கம்மியா இருக்கறது) துரூபே, பிரில்லோன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1999ல நிரூபிச்சாங்க, அதாவது மாலைமாற்ற எண்ணியே ஒரு வரிசையோட குலத்தக் கண்டுபிடிச்சுடலாம், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே இதான்.

இன்னொண்ணு. ஒரு சொல்லுக்குக் கடைசியில ஒரு எழுத்து சேத்தா அதிகபட்சம் ஒரே ஒரு புது மாலைமாற்றுதான் பொறக்கும். ஏன்னா கடைசி எழுத்துல முடியற மாலைமாற்றுல நீளமானத எடுத்துக்கிட்டா, அதவிட சின்னதெல்லாம் அதோட முன்பக்கத்துலயே ஏற்கெனவே வந்திருக்கும். அதனால ஒத்தை எழுத்தையும் சேத்து எண்ணினா, n எழுத்துச் சொல்லுல வெவ்வேற மாலைமாற்று n-க்கு மேல இருக்க வழியில்ல, அந்த உச்சத்தத் தொடறத 'ரிச்'ங்கிறாங்க, நான் செறிசொல்னு சொல்லுவேன். ஃபிபனாச்சி சொல் எந்த இடத்துல வெட்டினாலும் செறிவு. அ வந்தா அஇ, இ வந்தா இஅ-ன்னு மாத்தி வளர்ற தூ-மோர்ஸ் வரிசை அப்படியில்ல, அஇஇஅஇஅஅஇஇ-ன்னு வரும்போது 9வது எழுத்துலயே சறுக்குது, அங்க முடியற பெரிய மாலைமாற்று இஇ, அது 3வது எழுத்துலயே வந்தாச்சு.

இது வெறும் எழுத்து விளையாட்டு இல்லீங்க. 1982ல விஞ்ஞானி ஷெக்ட்மன் கண்ட குவாசிகிறிஸ்டல், 2011ல நோபல் வாங்கிக் கொடுத்தது, அதுல அணுக்கள் ஒரு ஒழுங்கோட இருக்கும் ஆனா ஒரே அச்சா திரும்பத் திரும்ப வராது, ஒரு பரிமாணத்துல அதுக்கு மாதிரியா எடுத்துக்கிறதே ஃபிபனாச்சி சொல்லத்தான். அந்த மாதிரி வரிசையில நீள நீளமான மாலைமாற்று போதுமான அளவு வந்துட்டே இருந்தா, அந்த ஒழுங்குல அமையற எண்ணற்ற அமைப்புகள்ல எலெக்ட்ரான் ஒரே இடத்துல கட்டுண்டு நிக்காதுன்னு 1995ல ஹோஃப், க்னில், சைமன்னு மூணு ஆய்வாளர்கள் காட்டினாங்க.