மேடையில் பார்பெல் கிடையாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது பைசெப்ஸ், மேல்கையின் முன்தசையை எலும்போடு கட்டும் நாண் அறுந்து அறுவை சிகிச்சைக்கு என்னிடம் வந்தது. முதல் இருவர் வந்தபோது எழுத நினைத்து எழுதாமல் விட்டேன். மூன்றாமவர் எழுத வைத்துவிட்டார்.

அவருக்கு வயது 47. பதினெட்டில் ஜிம்முக்குள் நுழைந்தவர், இருபதுகளில் ஆணழகன் போட்டிகளில் கோப்பை வாங்கியவர். பிறகு வேலை, குடும்பம் என்று எட்டு ஆண்டுகள் இடைவெளி. 40 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு மாஸ்டர்ஸ் பிரிவு இருக்கிறது என்று யாரோ சொல்ல, பழைய ஆசை எழுந்து உட்கார்ந்துகொண்டது. பத்தே மாதத்தில் பழைய உடம்பும் திரும்பிவிட்டது. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, 28 வயதில் தூக்கிய அதே எடையை டெட்லிஃப்டில், அதாவது தரையில் கிடக்கும் பார்பெல்லைத் தூக்கி நிமிரும் பயிற்சியில், இழுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு கை மேல்பிடி (உள்ளங்கை உடம்பைப் பார்க்க), ஒரு கை கீழ்ப்பிடி (உள்ளங்கை முன்னால் பார்க்க). கீழ்ப்பிடி போட்ட வலது முழங்கையில் பட்டென்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவருக்கும் கேட்டதாம்.

என்னிடம் வந்தது ஏழு வாரம் கழித்து.

முழங்கை மடிப்பில் கன்றியிருந்த நீலம் அதற்குள் மறைந்துபோயிருந்தது. "மடக்க முடிகிறது டாக்டர், வலியும் இல்லை" என்று மடக்கிக் காட்டினார். பைசெப்ஸ் மட்டும் தோளை நோக்கிச் சுருண்டு ஏறி உட்கார்ந்திருந்தது. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி உள்ளங்கையை மேலே பார்க்க வைக்கச் சொன்னேன். என் சுட்டுவிரலைக் கொக்கி போல வளைத்து, வெளிப்பக்கத்திலிருந்து மடிப்புக்குள் விட்டேன். நாண் இருந்தால் கயிறு போல விரலில் மாட்டும். இடது கையில் மாட்டியது. வலது கையில் விரல் எதிலும் தட்டாமல் உள்ளே போனது. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "பூட்டில் சாவியைத் திருப்ப முடிகிறதா?" என்று கேட்டேன். "இப்போது இடது கையால்தான் திருப்புகிறேன்" என்றார்.

கையை மடக்க வேறு தசைகளும் உண்டு. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் வேலைக்குப் பைசெப்ஸ்தான் பிரதானம். அறுந்த நாணை அப்படியே விட்டுவிட்டால் அந்தத் திருப்பும் பலத்தில் சுமார் 40 சதவீதம் போய்விடும். வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதி கிழிந்த நாண்தான் வலித்துக்கொண்டே இருக்கும். முழுவதும் அறுந்தது சில நாளில் அமைதியாகிவிடும்.

"என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியும் டாக்டர், இருபது வருட அனுபவம்." மூவருமே இதைச் சொன்னார்கள். அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எந்தக் கோணத்தில் இழுத்தால் எந்தத் தசை வேலை செய்யும் என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது தசையின் அனுபவம். ஒருமுறை வளர்ந்த தசை, விட்டுப்போன பிறகும் சீக்கிரம் மீண்டு வரும். முன்பு கூடிய உட்கருக்கள் தசையிழைகளில் தங்கிவிடுவதுதான் காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். முதன்முறை பல ஆண்டுகள் எடுத்த வளர்ச்சி இரண்டாம் முறை சில மாதங்களில் வந்துவிடுவதைக் கண்ணால் பார்க்கிறோம். ஜிம்மில் இதை 'மசில் மெமரி' என்கிறார்கள். பெயரிலேயே விடை இருக்கிறது, மசிலுக்குத்தான் மெமரி. மசிலை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாணுக்கு அப்படி எதுவும் கிடையாது.

நாணும் பயிற்சிக்கு இசைந்து கொடுக்கும், ஆனால் மிக மெதுவாக. அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட கார்பன்-14-ஐ அளவுகோலாக வைத்துக் குதிநாணை ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியானது. அந்த நாணின் நடுப்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது, அதன்பின் பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று கண்டார்கள். குதிநாணில் கண்டதை முழங்கைக்கும் ஏறக்குறையப் பொருத்திப் பாருங்கள். என் 47 வயதுக்காரர் பத்து மாதத் தசையைக் கொண்டு, ஜிம் வாசலை மிதிப்பதற்கு முன்பே திரித்து முடித்த கயிற்றை இழுத்திருக்கிறார்.

தசை வளர்க்க அனபாலிக் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் அகலம். தசை பாய்ந்து வளரும், நாண் பின்தங்கும். தயவுசெய்து என்னிடம் மறைக்காதீர்கள், நான் போலீஸ் இல்லை. போட்டி வாரத்தில் கிழித்துக்கொண்டு வந்த இரண்டாமவர், மேடையில் தசை தெளிவாகத் தெரிய நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவே இல்லை. அறுவை சிகிச்சையன்று காலையில் பொட்டாசியம் தாறுமாறாக இருந்ததைப் பார்த்து மயக்க மருந்து நிபுணர் என்னை முறைத்தார், தேதி தள்ளிப்போனது. 1992-இல் நெதர்லாந்தில் ஒரு போட்டியை வென்ற சில மணி நேரத்தில் முகமது பெனாசிசா என்ற ஆணழகன், நீர் பிரிக்கும் மாத்திரையால் உடம்பு வற்றி 33 வயதில் இறந்துபோனதாகச் சொல்லப்படுவதை இந்தத் துறையில் பழையவர்கள் எல்லோரும் அறிவார்கள். அறிந்தும் அதே மாத்திரையை 50 வயது இதயத்துக்குக் கொடுக்கிறார்கள்.

இடையில், ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. கால் பயிற்சி செய்த மறுநாள் ரத்தம் கொடுத்துவிட்டு, கல்லீரல் கெட்டுப்போனதாகக் கலங்கி வருகிறவர்கள் உண்டு. கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. நொதிகள் இரண்டும் தசையிலிருந்தும் கசியும். கூடவே சி.கே. (தசை நொதி), காமா ஜி.டி. (கல்லீரல் நொதி) பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று விளங்கிவிடும். தசை அதிகமுள்ளவர்களுக்கும் கிரியேட்டின் என்ற ஜிம் பொடியைச் சாப்பிடுகிறவர்களுக்கும், சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்க்கும் கிரியேட்டினின் சற்று ஏறித்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால், தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி பார்க்கச் சொல்லுங்கள். அதற்காக உயர்ந்திருப்பதெல்லாம் தசையால்தான் என்று நீங்களாகவே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ரத்தக் கொதிப்பும் ஹீமாட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறினால் அதற்குத் தசையைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

எனக்கு உண்மையாகவே புரியாத விஷயத்துக்கு வருகிறேன். ஆணழகன் போட்டியில் நடுவர்கள் தசையின் அளவைப் பார்க்கிறார்கள், சமச்சீரைப் பார்க்கிறார்கள், கொழுப்பு வற்றிய தெளிவைப் பார்க்கிறார்கள், போஸைப் பார்க்கிறார்கள். எத்தனை கிலோ தூக்கினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. மேடையில் பார்பெல்லே கிடையாது. அப்படியிருக்க, உணவைக் குறைத்து, தூக்கம் கெட்டு, உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள வழியில்லாத கடைசி வாரங்களில் அதிகபட்ச எடையை எதற்கு இழுக்க வேண்டும்? மிஸ்டர் ஒலிம்பியா ஆணழகன் பட்டம் வென்ற டோரியன் யேட்ஸைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. அவர் 1994-இல் கீழ்ப்பிடி ரோ (குனிந்து நின்று பார்பெல்லை வயிற்றை நோக்கி இழுப்பது) செய்தபோதுதான் பைசெப்ஸை அறுத்துக்கொண்டார். 1997-இல் ஒலிம்பியாவுக்குச் சில வாரங்கள் இருக்கையில் டிரைசெப்ஸ் (மேல்கையின் பின்தசை) கிழிந்தது, வென்றார், அத்தோடு ஓய்வும் பெற்றார். அப்போது அவருக்கு 35 வயது. வென்றதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

டெட்லிஃப்டில் கலப்புப் பிடியை விட்டுவிடுங்கள். இரண்டு கைக்கும் மேல்பிடி போட்டு, வழுக்கினால் மணிக்கட்டைக் கம்பியோடு பிணைக்கும் ஸ்ட்ராப் கட்டுங்கள், அதற்கு மார்க் குறைக்க ஆள் இல்லை. பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்து எடை தூக்குவது) மார்புத் தசை கிழிவது பெரும்பாலும் எடையை இறக்கும்போது, அதுவும் கடைசி சில அங்குலங்களில். அங்கே மெதுவாக இறக்குங்கள், துள்ள விடாதீர்கள். நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர்கள், தசை தயார் என்று சொன்ன பிறகும் சில மாதம் எடையை அடக்கி, ரெப்ஸ் எண்ணிக்கையை, அதாவது தூக்கும் தடவையைக் கூட்டுங்கள். மூட்டுக்குப் பக்கத்தில் காலையில் விறைப்பும், முதல் செட்டில் மட்டும் வலியும் இருந்தால் நாண் பேசத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வலியை மறைக்க கார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு மேடை வரை ஓட்டலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள், போடமாட்டேன். சளி, சிறுநீர்த் தொற்று என்று வேறு மருத்துவரிடம் போனால் எடைப் பயிற்சி செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் நாணைப் பலவீனப்படுத்தக்கூடும். 2008-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கை, அதாவது மிகக் கடுமையான எச்சரிக்கை கொடுத்திருக்கிறது.

பட்டென்று சத்தம் கேட்டால் அன்றே வாருங்கள், மிஞ்சிப்போனால் அந்த வாரத்துக்குள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் நாணை இழுத்து எலும்பில் பொருத்துவது எங்களுக்குச் சுலபம். அதற்கு மேல் போனால் அது சுருங்கி, சுற்றிலும் தழும்பு கட்டிக்கொள்ளும். வேறு இடத்திலிருந்து நாண் எடுத்து ஒட்ட வேண்டிவரலாம். என் 47 வயதுக்காரருக்கு அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தது. தொடையிலிருந்து எடுத்தேன். வரும்போது கையோடு மருந்துப் பட்டியலும் வரட்டும். டப்பாவில் பெயர் கிழித்து எறிந்தவையும் அதில் சேர்த்தி.