மரம் இரவில் தண்ணீர் இறைக்குமா?

பொள்ளாச்சிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "தென்னைக்கு நடுவே ஜாதிக்காய், மரத்தில் மிளகு, இடையில் வாழை, அடியில் மஞ்சள் என்று உணவுக்காடு போடச் சொல்கிறார்கள். இத்தனையும் ஒரே இடத்தில் இருந்தால் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளாதா? ஒன்றுக்கொன்று உதவும் என்று காணொளிகளில் சொல்வது உண்மையா?"

அடித்துக்கொள்ளும், உதவவும் செய்யும். எந்த மரம், எந்த மண், எந்த வயதில் என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்லத் தேவையான அளவீடுகளில் பாதிகூட இன்னும் எடுக்கப்படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

உணவுக்காட்டின் ஏழு அடுக்குக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். உயர்ந்த மரத்தில் தொடங்கி, கிழங்கு, கொடி வரை. இந்தக் கணக்கைப் பரப்பியவர் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் தோட்டம் போட்ட ராபர்ட் ஹார்ட். கேரளத்து வீட்டுத் தோட்டங்களைப் பற்றி வியந்து எழுதியவர் அவர். ஆனால் இங்கிலாந்தில் பெரிய தட்டுப்பாடு வெயிலுக்கு. நமக்கோ பெரும்பாலும் தண்ணீருக்கு. அங்கே எழுதிய நடவு அட்டவணையை இங்கே அப்படியே ஒட்டினால் வேலைக்கு ஆகாது.

முதலில் தென்னை. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் தோண்டிப் பார்த்ததில், தென்னை வேர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு அடிமரத்திலிருந்து 2 மீட்டருக்குள்ளேயே இருந்தது. ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் ஒரு மரத்துக்கு 56 சதுர மீட்டர் நிலம் கிடைக்கிறது. அதில் இந்த 2 மீட்டர் வட்டம் பன்னிரண்டரை சதுர மீட்டர்தான், கால் பங்குகூட இல்லை. மீதியில் வேறு பயிர் வைக்க இடம் உண்டு. ஊடுபயிர் சிபாரிசுகளுக்கு அடிப்படை இந்த எளிய கணக்குதான். ஆக, தென்னந்தோப்பில் நடப்பது பெரும்பாலும் ஒதுங்கி வாழ்வது. உதவி என்று சொல்ல முடியாது.

உதவி என்ற சொல்லுக்கு நியாயம் செய்யும் ஒரு விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. அது நடப்பது இரவில்.

இரவில் மரம் என்றதும் நம் ஊரில் புளியமரத்துப் பேய் வந்துவிடும். பேயைக்கூட மன்னித்துவிடலாம். "முன்னோர்கள் சும்மா சொல்லவில்லை, இரவில் புளியமரம் கரியமில வாயு விடும், அதனால்தான் மூச்சு முட்டும்" என்று அறிவியல் சட்டை மாட்டிவிடுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எல்லா மரமும் இரவில் கொஞ்சம் கரியமில வாயு விடும், திறந்த வெளியில் அது கலைந்து போய்விடும். பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடுபவரைப் பார்த்துப் பயப்படாதவர் மரத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

சரி, இரவில் மரம் உண்மையில் என்ன செய்கிறது? பகலில் இலைத்துளைகள் திறந்திருக்கின்றன, நீராவிப்போக்கு நடக்கிறது, சைலம் என்ற நீர்க்குழாயில் தண்ணீர் மேலே இழுபடுகிறது. பள்ளியில் படித்ததுதான். அந்த இழுப்பு மண்ணின் எந்த அடுக்கும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பிடியைவிட வலுவானது. அதனால் மேல்வேர், ஆழ்வேர் எல்லா வழியாகவும் தண்ணீர் உள்ளேதான் வரும்.

பொழுது சாய்ந்ததும் இலைத்துளைகள் மூடுகின்றன. மேலிருந்து இழுப்பவர் இல்லை. ஆனால் குழாய் அறுபடவில்லை. ஈரமான அடிமண்ணில் ஒரு முனை, காய்ந்த மேல்மண்ணில் மறுமுனை, நடுவில் தண்ணீர் நிறைந்த வேர். காய்ந்த மண் தண்ணீரை இழுக்கும் வலு ஈர மண்ணுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பகலில் இலை செய்த வேலையை இப்போது மேல்மண் செய்கிறது. தண்ணீர் ஆழ்வேர் வழியாக உள்ளே வந்து, மேல்வேர் வழியாக வெளியே கசிகிறது. வேர், மண்ணுக்குத் தண்ணீர் விடுகிறது! மரம் இதற்காக ஒரு துளி ஆற்றலும் செலவழிப்பதில்லை. தடுக்க வழியில்லாததால் கசிகிறது, அவ்வளவுதான். தர்ம சிந்தனை எதுவும் கிடையாது. ஆங்கிலத்தில் ஹைட்ராலிக் லிஃப்ட் என்பார்கள், வேர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம்.

1987இல் ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் என்ற இருவர் அமெரிக்காவின் யூட்டா பகுதியில், சேஜ்பிரஷ் என்ற வறண்ட நிலப் புதருக்கு அடியில் இதைக் காட்டினார்கள். மழையும் இல்லை, பாசனமும் இல்லை, ஆனாலும் மேல்மண்ணின் ஈரம் ஒவ்வோர் இரவும் ஏறியது, பகலில் இறங்கியது. காரணம் புதர்தானா என்று உறுதி செய்ய அவர்கள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பகலிலேயே புதருக்குப் பை போட்டு மூடிவிட்டார்கள். நீராவிப்போக்கு நின்றது. அன்று பகலில் ஈரம் இறங்கவே இல்லை, ஏறிக்கொண்டே போனது. புதருக்குப் பொய்யாக ஓர் இரவைக் காட்டி, அதன் வாயாலேயே உண்மையை வாங்கிவிட்டார்கள். அப்புறம் ஆழ்வேருக்கு டியூட்டீரியம் (தண்ணீர் எங்கே போகிறது என்று அடையாளம் காட்டும் கனமான ஹைட்ரஜன்) கலந்த தண்ணீர் கொடுத்துப் பார்த்தபோது, பக்கத்தில் நின்ற புல்லிலும் அது தென்பட்டது.

நியூயார்க் மாநிலத்தில் டாசன் என்பவர் சர்க்கரை மேப்பிள் மரத்தை ஆராய்ந்தார். பெரிய மரம் ஒன்று ஒரே இரவில் சுமார் 100 லிட்டர் வரை மேலே ஏற்றுகிறது என்று பின்னர் கணக்கிடப்பட்டது. அதைச் சுற்றி நின்ற சிறு செடிகள் தாங்கள் குடித்த தண்ணீரில் 3 முதல் 60 சதவீதம் வரை இப்படி ஏறிய தண்ணீரிலிருந்து எடுத்திருந்தன. 3க்கும் 60க்கும் இடையிலான தூரத்தைக் கவனியுங்கள். மரத்துக்கு எவ்வளவு பக்கத்தில், எந்தச் செடி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கேதான் காணொளிக்காரர்கள் நிறுத்திவிடுகிறார்கள். நாம் கென்யாவின் மச்சகோஸ் வரை போக வேண்டும். ஏற்காட்டில் மிளகு ஏற்றிவிடும் சில்வர் ஓக் மரத்தை அங்கே மக்காச்சோளத்தோடு சேர்த்து வளர்த்தார்கள். அந்த மரமும் வேர் வழியாகத் தண்ணீரை மாற்றி வைப்பது அளந்தே காட்டப்பட்டது. மழை பெய்து மேல்மண் நனைந்ததும் தண்ணீரைக் கீழேயும் இறக்கியது. ஆனால் மக்காச்சோளம்? மரம் சிறிதாக இருந்த முதல் பருவங்களில் விளைச்சலில் பெரிய வித்தியாசம் இல்லை. மரம் வளர வளர விளைச்சல் விழுந்தது. இரவில் கொடுத்ததைவிடப் பகலில் எடுத்தது அதிகம்.

செனகல் நாட்டில் கதை வேறு. விவசாயிகள் விதைப்புக்கு முன் வெட்டி எரித்து வந்த கீரா என்ற நாட்டுப் புதரை, எரிக்காமல் கம்பு வயலிலேயே நெருக்கமாக விட்டுப் பார்த்தார்கள். பருவத்தின் நடுவே தண்ணீரை நிறுத்தியபோது புதரோடு நின்ற கம்பு, தனியே நின்ற கம்பைவிடப் பல மடங்கு விளைந்தது. புதர் ஏற்றிய தண்ணீர் கம்புக்குள் போனதையும் டியூட்டீரியம் காட்டிக் கொடுத்தது. நமக்குப் பக்கத்தில் பெங்களூரிலும் கொல்லிமலையிலும் துவரையையும் கேழ்வரகையும் வைத்து இதே கேள்வியை ஆராய்ந்திருக்கிறார்கள். வயலில் எதை எந்த வரிசையில், எவ்வளவு தள்ளி நடுகிறோம் என்பதே முடிவை மாற்றுகிறது.

இரண்டு பயிருக்கே இப்படி. பத்து வகைச் செடி உள்ள உணவுக்காட்டில் இரண்டிரண்டாகச் சேர்க்க 45 வழி. எல்லாச் சேர்க்கைகளையும் எண்ணினால் ஆயிரத்தைத் தாண்டும். அத்தனையும் யாரும் சோதிக்க முடியாது. எந்த மரம் ஆழ வேர் விடும், எது எவ்வளவு ஏற்றும், எந்த வயதில் கொடுப்பதைவிடக் குடிப்பது கூடும் என்று மரவாரியாக அளந்து வைத்தால், மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பலா, புளி, முருங்கை, கிளுவை, கிளைரிசிடியா என்று நம் தோட்டத்து மரங்களுக்கு அந்தப் பட்டியல் வேண்டும். கலப்பும் தனிப்பயிரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற, ஒப்பிடத்தக்க பாத்திகளும் வேண்டும். "என் தோட்டம் செழிப்பாக இருக்கிறது" என்பது சந்தோஷமான செய்தி, சான்று ஆகாது.

இதற்குப் பணம் தரும் முறைதான் கோளாறு. ஆராய்ச்சித் திட்டம் என்றால் பெரும்பாலும் மூன்று வருடம். மச்சகோஸ் சோதனையை ஆரம்பப் பருவங்களோடு முடித்திருந்தால் "மரத்தால் பாதிப்பில்லை" என்று அறிக்கை வந்திருக்கும், அது தப்பான அறிக்கையாகவும் இருந்திருக்கும். நீண்ட காலச் சோதனை நமக்குத் தெரியாத வித்தை ஒன்றும் இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நிரந்தர உரச் சோதனை 1909இல் தொடங்கி நூறு வருடம் தாண்டியும் நடக்கிறது. மாறி மாறிப் பயிரிடும் வயலுக்குக் காட்டிய பொறுமையை, ஒரே இடத்தில் நாற்பது வருடம் நிற்கப் போகும் மரத்துக்குக் காட்டாதது எனக்கு விளங்கவில்லை.

பொள்ளாச்சி வாசகருக்கு: சொட்டுநீர் ஓடும் தோப்பில் வேர் ஏற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். மேல்மண் காய்ந்தால்தான் அது நடக்கும். தென்னைக்கு ஆணிவேரும் இல்லை. மிளகையும் ஜாதிக்காயையும் தாராளமாக வையுங்கள், ஆனால் அவற்றுக்கு வேண்டிய தண்ணீரைத் தனியே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மானாவாரிப் பக்கம் நிலம் இருந்தால், ஒரு பெரிய மரத்தடியிலும் மரமில்லாத இடத்திலும் ஒரு முழ ஆழத்தில் ஈரப்பத உணரி புதைத்து, மழையில்லாத வாரத்தில் மணிக்கொரு முறை பதிவு செய்து பாருங்கள். இரண்டு இடத்திலும் வேண்டும், ஏனென்றால் விலை குறைந்த உணரிகள் மண்ணின் சூடு மாறினாலே ஈரம் மாறியதாகக் காட்டும். மரத்தடியில் மட்டும் இரவில் ஈரம் ஏறினால் எனக்கும் எழுதுங்கள், என்ன மரம், என்ன வயது என்பதோடு.